முதல் பாம்புக்குப் பெட்டி: நம்ம ஊர் வெயிலுக்கு எப்படி அமைக்கணும்?

பாளை புதியவன்:
எல்லாருக்கும் வணக்கம். முதல்தடவையா பாம்பு வளர்க்கலாம்னு இருக்கேன். பால் பைத்தான் (ball python, சின்ன வகை மலைப்பாம்பு) குட்டி ஒண்ணு வாங்க எண்ணம். வீடு பாளையங்கோட்டையில, மொட்டை மாடிக்குக் கீழே மேற்குப் பார்த்த அறை ஒண்ணு காலியா கிடக்கு. மூணடி மீன் தொட்டி இருக்கு, மேலே கொசுவலை கட்டி மூடிடலாம். ஹீட் மேட் (கரண்ட்ல சூடாகுற விரிப்பு), 100 வாட் பல்பு, மரச்சீவல் எல்லாம் ஆன்லைன்ல ஆர்டர் போடப் போறேன். இது போதுமா? பாம்பு இன்னும் வாங்கல.

பொருநைக்கரை:
பாம்பு வாங்கலைங்கிறதே பாதிக் கிணறு தாண்டின மாதிரி. ஆர்டரை நிறுத்துங்க தம்பி.

நீங்க படிச்ச வழிகாட்டி குளிர் நாட்டுக்காரங்க எழுதினது. அவங்களுக்கு அறை 18, 20 டிகிரியில கிடக்கும், பாம்பைச் சூடேத்தினாத்தான் பிழைக்கும். நமக்குப் பிரச்சினை நேர் தலைகீழ். பால் பைத்தானுக்குப் பெட்டியோட சூடான முனை 31 முதல் 33, குளிர்ந்த முனை 25 முதல் 27 டிகிரி. சூடான முனையை நெல்லை வெயிலே கொடுத்திடும். அந்த 26 டிகிரியைப் பங்குனியில இருந்து ஆவணி வரைக்கும் எங்கேயிருந்து கொண்டு வரப் போறீங்க? பெட்டி அமைக்கிற வேலை முழுக்க இந்த ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கிறதுதான்.

பாம்புக்கு வேர்க்காது. உடம்புச் சூட்டைக் குறைக்க அதுக்குத் தெரிஞ்ச வழி, குளிர்ந்த இடத்துக்கு நகர்ந்து போறது மட்டும்தான். பெட்டி முழுக்க 35, 36 ஆயிட்டா அது எங்கே போகும்? சில மணி நேரத்துலயே உயிருக்கு ஆபத்து.

அதனால முதல்ல அறையை மாத்துங்க. காங்கிரீட் தளம் பகல் பூரா குடிச்ச சூட்டை ராத்திரி ஒன்பது, பத்து மணி வரைக்கும் உள்ளே இறக்கும். மேற்குச் சுவரும் அப்படித்தான். கீழ்த்தளத்துல, வெளிச்சுவர் படாத உள்ளறை, இல்லைன்னா வடக்குப் பக்க அறை பாருங்க. பழைய ஓட்டு வீட்டு உள்ளறை கிடைச்சா இன்னும் நல்லது. ஜன்னல் வெயில் ஒரு நிமிஷம்கூடப் பெட்டி மேல விழக்கூடாது. கண்ணாடித் தொட்டியில நேர் வெயில் பட்டா உள்ளே ஏறுற சூடு அறைச் சூட்டைவிட ரொம்ப அதிகம்.

கொக்கிரகுளம்:
அறைக்கு முன்னாடி காகிதம். நம்ம நாட்டுப் பாம்பு எதையும் வீட்டுல வைக்கக்கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். மலைப்பாம்பு, சாரை மட்டும் இல்லை. வயக்காட்டுல கிடைக்கிற மண்ணுளியும் அதுல சேர்த்திதான். "மண்ணுளி வச்சா யோகம்"னு யாராவது விலை பேசிக்கிட்டு வந்தா வாசலோட அனுப்பிடுங்க.

பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு. சைட்டிஸ்ங்கிற சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்துல இரண்டாம் பட்டியல். 2022 திருத்தத்துக்கு அப்புறம் சைட்டிஸ் இனங்கள் நம்ம சட்டத்தோட நாலாவது அட்டவணையில வந்திருக்கு. 2024-ல வந்த விதிப்படி, கைக்கு வந்த 30 நாளைக்குள்ள பரிவேஷ்ங்கிற ஒன்றிய அரசு இணையதளத்துல பதியணும். விக்கிறவர் பேர்ல பதிவு இருக்கா, உங்க பேருக்கு மாத்தித் தருவாரான்னு முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க. "பில்லு அப்புறம் பார்த்துக்கிடலாம்"னு சொல்றவங்ககிட்ட வாங்காதீங்க. புதுசா வளர்க்கிறவங்க வாங்குற இன்னொரு பாம்பு, அமெரிக்கக் கார்ன் ஸ்னேக், சைட்டிஸ் பட்டியல்ல இல்லை. ஆனாலும் எங்கே வளர்த்த குட்டிங்கிறதுக்குச் சீட்டு வேணும்.

பாளை புதியவன்:
நன்றி அண்ணாச்சி. கீழே வடக்குப் பக்கம் ஓர் அறை இருக்கு, அதுக்கு மாத்திக்கிடுதேன். மீன் தொட்டியை வச்சுக்கலாமா, இல்லை புதுசாச் செய்யணுமா?

ஆசாரிப் பட்டறை:
மீன் தொட்டி வேண்டாம். மேலே திறக்கிற பெட்டியில கை தலைக்கு மேல இருந்து இறங்கும். பாம்புக்கு அது பருந்து இறங்குற மாதிரி, ஒவ்வொரு தடவையும் மிரளும். முன்பக்கம் திறக்கிற மரப்பெட்டி செய்யுங்க. மரம் சூட்டையும் குளிரையும் சட்டுனு உள்ளே விடாது.

அளவு: நீளம் நாலடி, அகலம் இரண்டடி, உயரம் இரண்டடி. பால் பைத்தானும் கார்ன் ஸ்னேக்கும் வளர்ந்தா மூணு முதல் அஞ்சடி, ரெண்டுக்கும் இது போதும். எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் ஒண்ணே போதுமானது: நாலுக்கு இரண்டா நாலு துண்டு போடுங்க. தரை, கூரை, முதுகு மூணு ஆச்சு. நாலாவதை நடுவுல அறுத்தா இரண்டு பக்கவாட்டுப் பலகை. ரம்பம் தின்கிற 3 மில்லிமீட்டரை மட்டும் கணக்குல வச்சுக்கிடுங்க. முன்பக்கம் கீழே நாலு அங்குலம், மேலே இரண்டு அங்குலம் பட்டி வேணும். அதுக்குத் தனித் துண்டு. கீழ்ப்பட்டி இல்லைன்னா தரையில போடுற தேங்காய் நார்த்தூள் எல்லாம் கண்ணாடி நகர்ற சானல் பள்ளத்துல விழுந்து கதவு நகராது.

பலகை 12 மில்லிமீட்டர், 710 கிரேடு மரைன் பிளை. எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்யிற பலகை) வாங்காதீங்க, தண்ணிக் கிண்ணம் ஒரு தடவை கவிழ்ந்தா ஓரம் உப்பிடும். உள்ளே தண்ணியில கரையிற பி.யு. வார்னிஷ் மூணு கோட், அது காய்ஞ்சபிறகு மூலை மூட்டு எல்லாம் சிலிக்கான். சிலிக்கான் மீன் தொட்டிக்குன்னு விக்கிறதா இருக்கணும். பாத்ரூம் சிலிக்கான்ல பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்திருக்கும். அப்புறம் இரண்டு வாரம் கதவைத் திறந்தே போடுங்க. மூக்கை உள்ளே விட்டா புளிச்ச வாடையோ வார்னிஷ் வாடையோ துளிகூட இருக்கக்கூடாது.

கதவு 5 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு, நடுவுல 4 சென்டிமீட்டர் ஒண்ணுமேல ஒண்ணு ஏறணும். மேல் சானல் ஆழமா, கீழ்ச் சானல் மேலோட்டமா இருந்தா கண்ணாடியைத் தூக்கிக் கழற்றிக் கழுவலாம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாரேன். அந்த இரண்டு கண்ணாடிக்கும் நடுவுல நாலஞ்சு மில்லிமீட்டர் சந்து நிக்கும். பாம்புக்குட்டி தப்புறது பூட்டு வழியா இல்லை, இந்தச் சந்து வழியாத்தான். தலை நுழைஞ்சா உடம்பு முழுக்க நுழைஞ்சிடும். அலுமினியம் ஜன்னல் செய்யிற கடையில பூனைமயிர் மாதிரி பிரஷ் பட்டை மீட்டர் கணக்குல தருவாங்க. அதை உள்கண்ணாடி ஓரத்துல மேலிருந்து கீழ்வரை ஒட்டுங்க. ஒட்டினபிறகு தீக்குச்சியை அந்தச் சந்துல செருகிப் பாருங்க. தடை இல்லாமப் போச்சுன்னா பட்டை பத்தலை, தடிமனா வாங்கி மாத்துங்க. அப்புறம் ஷோகேஸ் பூட்டு, சாவியோட.

மேலப்பாளையம் வயர்மேன்:
காத்துத் துளை யாரும் சொல்லலை. குளிர் முனைப் பக்கவாட்டுல தரையில இருந்து அஞ்சு அங்குல உயரத்துல ஒரு வரிசை, சூடான முனையில கூரைக்குக் கீழே ஒரு வரிசை. சூடான காத்து மேலே ஏறி வெளியே போகும், கீழே குளிர்ந்தது உள்ளே வரும். எதிரெதிர்ல ஒரே உயரத்துல போட்டா காத்து நகராது. துளை 4 மில்லிமீட்டருக்கு மேல வேண்டாம். கொசுவலை எந்த இடத்துலயும் வேண்டாம். பாம்பு மூக்கால தள்ளிக்கிட்டே இருக்கும், வலை கிழியும், இல்லைன்னா மூக்குச் செதில் தேஞ்சு புண்ணாகும். துளை போட்ட ஸ்டீல் தகடு வாங்கி உள்பக்கம் ஓரம் மடிச்சு அடிங்க.

குளிர் முனைக்கு மேலே கூரையில அரையடிக்கு அரையடி ஜன்னல் ஒண்ணு வெட்டி, அதே தகட்டை அடிச்சு வைங்க. மாசாந்திரப் பராமரிப்புன்னு காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினா எப்ப வரும்னு சொல்ல முடியாது. அன்னைக்கு ஒரு லிட்டர் பாட்டிலை முக்கால் அளவு தண்ணியோட உறைய வச்சு, துண்டுல சுத்தி அந்த ஜன்னல் மேல படுக்க வச்சா குளிர்ந்த காத்து நேரே கீழே இறங்கும். கசியிற தண்ணியைத் துண்டு இழுத்துக்கும். இரண்டு பாட்டில் மாத்தி மாத்தி வைக்கலாம்.

சூடேத்தறதுக்கு 100 வாட் பல்பு வேண்டவே வேண்டாம். பெட்டிக் காத்தையே கொதிக்க விட்டுடும். பாம்பு ஏறித் தொடுற இடத்துல கூண்டில்லாத பல்பு இருந்தா தோல் வெந்திடும். சூடு படுதுன்னு அது உடனே விலகாது.

பொதிகை அடிவாரம்:
நெல்லையில ஹீட் மேட்டே தேவையில்லைன்னுதான் சொல்லுவேன். மார்கழி, தை ராத்திரியிலகூட 22, 23-க்குக் கீழே இறங்குறது அபூர்வம். கார்ன் ஸ்னேக்குக்கு ராத்திரி அது தாராளம்.

மேலப்பாளையம் வயர்மேன்:
ராத்திரிக்குச் சரி அண்ணாச்சி. இரை தின்னபிறகு செரிக்க வயித்துக்கு 29, 30 டிகிரி வேணுமே? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில நாலு நாள் சேர்ந்தாப்புல வெயிலே காணாது, அறை 25-லயே நிக்கும். அப்ப தின்னதைக் கக்கிடும். பால் பைத்தான்னா ராத்திரி 24-க்குக் கீழே போகவே கூடாது. அதனால மேட் வேணும், ஆனா சின்னது: தரையில மூணுல ஒரு பங்கு, 14 முதல் 20 வாட் போதும். மாசியில கழற்றி வச்சிடலாம்.

தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்துக் கரண்டைத் தானா நிறுத்திப் போடுற கருவி) இல்லாம மேட்டைப் பிளக்குல செருகாதீங்க, மேட் தானா 45-க்கு மேலகூடப் போகும். முட்டை பொரிக்கிற பெட்டிக்குப் போடுற எஸ்.டி.சி. 1000 போதும், 230 வோல்ட்டுது பார்த்து வாங்குங்க. பின்னால திருகு முனைகள் திறந்து கிடக்கும். பிளாஸ்டிக் சந்திப்புப் பெட்டிக்குள்ள வச்சு மூடணும். பால் பைத்தானுக்கு எஃப்1-ல 32, எஃப்2-ல 1 வைங்க. 31-க்கு இறங்கினா மேட் எரியும், 32-ல நிக்கும். கார்ன் ஸ்னேக்குன்னா எஃப்1-ல 30.

சென்சார் வைக்கிற இடத்துலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. காத்துல தொங்க விட்டா காத்து 32 ஆகுற வரைக்கும் மேட் எரியும், அதுக்குள்ள தரை 40-ஐத் தாண்டிடும். சென்சார் மேட்டுக்கு நேர் மேலே, பாம்பு படுக்கிற பரப்புல இருக்கணும். டேப் போட்டு ஒட்டாதீங்க, டேப் பிரிஞ்சு பாம்புமேல ஒட்டினா செதிலோட உரியும். வயரைச் சுவரோரம் கிளிப் அடிச்சு, முனையை சிலிக்கான் பொட்டு வச்சு நிறுத்துங்க. மரத்தரைக்கு அடியில மேட் போட்டா சூடு மேலே வராது. உள்ளே மேட், அதுமேல 4 மில்லிமீட்டர் தரை ஓடு ஒண்ணு, அந்த ஓட்டு மேல சென்சார். அந்த மூலையில நார்த்தூள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல வேண்டாம். தடிமனாப் போட்டா சூடு அடியிலயே தங்கும், பாம்பு தோண்டிக்கிட்டுப் போய் அதுமேல படுக்கும்.

எஸ்.டி.சி.-யில குளிர்விக்க ஒரு முனை இருக்கேன்னு ஃபேனையும் அதுலயே மாட்டாதீங்க. மேட் பார்க்க வேண்டியது தரைச் சூடு, ஃபேன் பார்க்க வேண்டியது குளிர் முனைக் காத்து. ஒரே சென்சார் இரண்டையும் பார்க்க முடியாது. ஃபேனும் பெட்டியைவிட அறை குளிர்ச்சியா இருந்தாத்தான் உதவும். அறையே 36-னா ஃபேன் 36-ஐத்தான் உள்ளே தள்ளும்.

பொதிகை அடிவாரம்:
சென்சார் விஷயம் சரி. அடைமழைக் கணக்கையும் ஒத்துக்கிடுதேன்.

பாளை புதியவன்:
அப்ப கோடையில என்னதான் செய்ய? ஏர் கூலர் போதுமா?

பொருநைக்கரை:
ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா அடிக்கிற வறண்ட காத்துக்குக் கூலர் நல்லா வேலை செய்யும், வெட்டிவேர்த் தட்டி போட்டதுன்னா இன்னும் நல்லது. ஐப்பசியில ஈரக்காத்து, கூலர் போட்டா அறை குளிராது, நசநசன்னு ஆகும், பாம்புக்கு வயித்துச் செதில் அழுகும். சித்திரை, வைகாசியில கூலரை நம்பி வெளியூர் போக முடியாது. ஏசி இருக்கிற அறை, இல்லை எந்நேரமும் 28-ஐத் தாண்டாத உள்ளறை. இரண்டும் இல்லைன்னா பால் பைத்தானும் வேண்டாம், கார்ன் ஸ்னேக்கும் வேண்டாம். ஆப்பிரிக்கப் பாம்பு வெயில் தாங்கும்னு சிலர் சொல்லுதாங்க. அது அங்கே பகல் முழுக்க எலி வளையிலயும் கறையான் புத்துலயும் ஒளிஞ்சு கிடக்கிற பாம்பு.

பெட்டிக்குள்ளே மண்சட்டி வைங்க. காருகுறிச்சிச் சட்டி எங்கேயும் கிடைக்கும். வர்ணம் அடிக்காத, கறுப்புப் பூச்சு இல்லாத செம்மண் சட்டி. விளிம்புல பாம்போட தடிமனைப் போல இரண்டு மடங்கு வாசல் வெட்டி, வெட்டின இடத்தை உப்புத்தாள் போட்டு மழுமழுன்னு தேய்ங்க. குளிர் முனையில கவிழ்த்து, மேல ஈரத்துணி போட்டா சட்டியோட மேற்புறம் குடிச்ச ஈரம் ஆவியாகி உள்ளே சில டிகிரி இறங்கும். ஈரம் மேல்புறம் மட்டும்தான் இருக்கணும், உள்தரை காய்ஞ்சே இருக்கணும். பெட்டிக்குள்ள ஈரப்பதம் ஏறிப்போச்சுன்னா இந்த வித்தையும் பலிக்காது. அதனால ஈரமானியைப் பார்த்துக்கிட்டே செய்யுங்க: பால் பைத்தானுக்கு 60, 70 சதவீதம், கார்ன் ஸ்னேக்குக்கு 40 முதல் 60.

ராமையன்பட்டி மாணவி:
பொருநைக்கரை அண்ணன் சொன்னதோட கொஞ்சம் சேர்க்கிறேன். மறைவிடம் ஒண்ணு போதாது, இரண்டு வேணும்: சூடான முனையில ஒண்ணு, குளிர் முனையில ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு சூட்டுப் பக்கம் இருந்தா, ஒளியணுமா குளிரணுமான்னு பாம்பு தவிக்கும். பெரும்பாலும் ஒளியிறதைத்தான் தேர்ந்தெடுக்கும். மறைவிடம் உடம்பை நாலாப் பக்கமும் தொடுற அளவுக்கு நெருக்கமா இருக்கணும். குட்டிக்குப் பெரிய சட்டி ஆகாது. கண்ணுள்ள தேங்காய்ச் சிரட்டை ஒண்ணை நார் சுரண்டி, வாசல் வெட்டித் தேய்ச்சு வைங்க, அதுதான் சரியான அளவு. நாலடிப் பெட்டியில குட்டியை விட்டா மிரளும்னு சொல்றதும் இதனாலதான். சருகு, மரப்பட்டை, சிரட்டைன்னு தரை முழுக்க மூடிக் கொடுத்தா குட்டியும் நாலடிப் பெட்டியில சௌகரியமா இருக்கும்.

தரைக்குத் தேங்காய் நார்த்தூள். உப்பு கழுவினதுன்னு போட்ட 5 கிலோ கட்டி ஒண்ணு வாங்கினா மேட் இருக்கிற மூலை தவிர பெட்டி முழுக்க மூணு அங்குலம் போட்டும் மிஞ்சும். ஊற வச்சு, பிழிஞ்சு, நிழல்ல உலர்த்திப் போடுங்க. கையில பிடிச்சா உருண்டை நிக்கணும், தண்ணி சொட்டக்கூடாது. மரக்கடைத் தூள் வேண்டாம், எந்த மரம்னு தெரியாது, பிசின் எண்ணெய் நுரையீரலைப் பாதிக்கும்.

வீட்டுல சாதாரணமாப் புழங்குற சில பொருள் பாம்புக்கு நஞ்சு. பினாயில் கூடவே கூடாது. நாப்தலின் உருண்டை, எறும்பு சாக்பீஸ், கொசுவத்தி, கொசு லிக்விட் எதுவும் அந்த அறையில வேண்டாம். எறும்பு வருமேன்னா, பெட்டியை ஓரடி உயர இரும்பு ஸ்டாண்டு மேல வச்சு, கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துல நிறுத்துங்க. கறையானுக்கும் அதுவே காப்பு. பெட்டி கழுவ ஒரு பங்கு பிளீச் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணி, பத்து நிமிஷம் ஊற விட்டு, வாடை போற வரைக்கும் அலசி, நல்லா உலர்த்தணும். பாம்பு உள்ளே இருக்கும்போது செய்யக்கூடாது.

வந்த முதல் இரண்டு மாசம் நார்த்தூளே வேண்டாம், வெள்ளைத்தாள் விரிங்க. பாம்பு மேல ஒட்டுற பேன் இருந்தா தாள்ல, தண்ணிக் கிண்ணத்துல கறுப்புப் பொட்டாத் தெரியும். எச்சமும் தெளிவாத் தெரியும்.

கொக்கிரகுளம்:
கீழ்த்தளம்னு எல்லாரும் சொல்லிட்டோம். 2023 டிசம்பர் வெள்ளத்துல ஆத்தங்கரைத் தெருக்கள்ல தண்ணி வீட்டுக்குள்ள வந்ததை மறந்திடக் கூடாது. துளை போட்டு, மூடி பூட்டுற பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, வாய் கட்டுற பருத்திப் பை ஒண்ணு பெட்டிக்குப் பக்கத்துலயே தொங்கட்டும். மாடிக்கு ஏத்த வேண்டி வந்தா தேட நேரம் இருக்காது.

பாளை புதியவன்:
இரை? வீட்டுப் பக்கம் எலிப்பொறியில விழுறதைக் கொடுக்கலாமா?

ராமையன்பட்டி மாணவி:
கூடாது அண்ணா. தெருவுல யாராவது எலி மருந்து வச்சிருப்பாங்க. தின்ன எலி அஞ்சாறு நாள் நடமாடும், அதைத் தின்னா பாம்புக்கும் ஆபத்து. ஒட்டுண்ணியும் எலிக்காய்ச்சல் கிருமியும் தனி. வளர்த்து உறைய வச்ச எலிதான் கொடுக்கணும், அது ஒழுங்காக் கிடைக்க வழி பார்த்துட்டுத்தான் பாம்பே வாங்கணும். கரண்ட் போய் உருகினதைத் திரும்ப உறைய வைக்காதீங்க. எலியோட தடிமன் பாம்போட பெருத்த பாகத்தைத் தாண்டக்கூடாது. குட்டிக்கு வாரம் ஒண்ணு, வளர்ந்ததுக்குப் பத்துப் பதினாலு நாளைக்கு ஒண்ணு. தின்னபிறகு இரண்டு நாள் தூக்காதீங்க. பால் பைத்தான் சில சமயம் வாரக்கணக்கா இரையைத் தொடாது. முதல்தடவை வளர்க்கிறவங்களுக்குக் கார்ன் ஸ்னேக்கை நான் சொல்றது அதனாலதான். பெட்டியைத் தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவணும், சால்மொனெல்லா இருக்கும். அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளைத் தொட விடாதீங்க.

ஆசாரிப் பட்டறை:
பூட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. தப்பிப் போன பாம்பைத் தெருவுல யாரும் "இது விஷமில்லாதது"ன்னு பார்க்க மாட்டாங்க, கம்புதான். அதேமாதிரி, பெட்டி காலியா இருந்து அறையில ஒரு பாம்பைப் பார்த்தா அது உங்க பாம்புன்னு கையை நீட்டாதீங்க. கட்டுவிரியன் ராத்திரி வீட்டுக்குள்ள வரும். விளக்கைப் போட்டு, தூரத்துல நின்னு, நிச்சயமாத் தெரிஞ்ச பிறகுதான் கிட்டப் போகணும். சந்தேகம்னா தீயணைப்பு நிலையத்துக்கு 101. கடி பட்டா கட்டாதீங்க, கீறாதீங்க. நேரே ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி.

பாளை புதியவன்:
அப்ப கார்ன் ஸ்னேக்குன்னு முடிவு பண்ணிட்டேன். பெட்டி இரண்டு வாரத்துல ரெடி ஆயிடும். உடனே வாங்கலாமா?

மேலப்பாளையம் வயர்மேன்:
இல்லை. பெட்டியை வெறுமனே பத்து நாள் ஓட்டுங்க. கூடின அளவு, குறைஞ்ச அளவு இரண்டையும் ஞாபகம் வச்சுக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு, இரண்டு முனையிலயும் தரை மட்டத்துல. வட்ட முள் போட்ட ஒட்டு மீட்டர் வேண்டாம். காலையிலும் ராத்திரியிலும் எழுதி வைங்க. குளிர் முனை ஒரு நாளாவது 28-ஐத் தாண்டினா அந்த அறை இன்னும் தயாராகலைன்னு அர்த்தம். ஏசி நேரத்தைக் கூட்டுங்க, இல்லை இடத்தை மாத்துங்க. ஒரு நாள் வேணும்னே மதியம் மூணு மணி நேரம் மெயினை நிறுத்திட்டு, பாட்டில் வச்சும் வைக்காமலும் எவ்வளவு ஏறுதுன்னு பாருங்க. இதெல்லாம் சித்திரையில பார்த்தாத்தான் கணக்கு. இப்ப தை மாசத்துல வர்ற அளவை வச்சு முடிவு பண்ணாதீங்க.

பாளை புதியவன்:
சரி அண்ணாச்சி. சித்திரை வரைக்கும் பெட்டி காலியாவே இருக்கட்டும். தினசரி அளவை இங்கேயே போடுதேன், பார்த்துச் சொல்லுங்க.

பொருநைக்கரை:
போடுங்க தம்பி. பக்கத்துல அறையோட அளவையும் சேர்த்து எழுதுங்க, பெட்டி அளவை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.